பி.ஏ.எஸ்.எல்.பி. படிக்கப் போகிறவர்களுக்கு: கருவியைத் தொடுவதற்கு முன்

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்ததும் கடலூர், புதுச்சேரிப் பக்கம் நர்சிங், பிசியோ, லேப் டெக்னீஷியன் என்று விசாரிக்கிற வீடுகளில் பி.ஏ.எஸ்.எல்.பி. என்ற பெயர் அதிகம் அடிபடுவதில்லை. காது கேட்கும் திறனையும் பேச்சையும் சோதித்து, குறை இருந்தால் அதற்கு வழி செய்கிற தொழிலுக்கான இளநிலைப் படிப்பு அது. மூன்று ஆண்டு வகுப்பும் கிளினிக்கும், நான்காம் ஆண்டு இன்டர்ன்ஷிப். ப்ளஸ் டூவில் இயற்பியல், வேதியியலோடு உயிரியலோ கணிதமோ படித்திருக்க வேண்டும்.

சேருவதற்கு முன் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். இந்தத் தொழிலை நெறிப்படுத்துவது 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும் இந்திய மறுவாழ்வு கவுன்சில். அதில் பதிவு எண் இல்லாமல் பட்டத்தை வைத்துக்கொண்டு தொழில் செய்ய முடியாது. மைசூரில் 1960களிலிருந்து இயங்கும் அகில இந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம், சென்னை ஸ்ரீராமச்சந்திரா என்று தெரிந்த பெயர்கள் இருக்கின்றன. ஆனால் கல்லூரி எவ்வளவு பெரியதானாலும், நீங்கள் சேரும் ஆண்டுக்கு அந்தப் படிப்பு கவுன்சிலின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று அவர்களுடைய இணையதளத்தில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். அங்கீகாரம் படிப்புக்குத்தான் தரப்படுகிறது. கல்லூரியின் பெயருக்கு அல்ல.

உடற்கூறு, ஒலி இயற்பியல், மொழியியல், உளவியல் என்று பாடங்கள் வரிசையாக வரும். அவற்றைப் புத்தகம் பார்த்துக்கொள்ளும். கிளினிக்கில் தப்பு நடக்கிற இடங்களைப் பற்றித்தான் இங்கே எழுத நினைக்கிறேன். என் அனுபவத்தில், தப்பான ஆடியோகிராம் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு மெல்லிய ஒலி வரை கேட்கிறது என்று காட்டும் வரைபடம்) பெரும்பாலும் கருவியால் வருவதில்லை. கருவியை ஆன் செய்வதற்கு முந்தைய ஐந்து நிமிடத்தில் வருகிறது.

முதலில் ஓட்டோஸ்கோப், அதாவது காதுக்குள் பார்க்கும் விளக்குக் கருவி. பெரியவர்களுக்குக் காது மடலை மேலும் பின்னுமாக இழுக்க வேண்டும், சின்னக் குழந்தைக்குக் கீழும் பின்னுமாக. அப்போதுதான் காதுக்குழாய் நேராகி செவிப்பறை தெரியும். நம் கடலோரப் புழுக்கத்தில் பூஞ்சைத் தொற்று சாதாரணம்: நனைந்த பஞ்சு போல வெள்ளையாகவோ, கரும்புள்ளிகளோடோ தெரியும். அழுக்கு முழுதாக அடைத்திருந்தால் அன்றைக்கு டெஸ்ட் செய்யாதீர்கள். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்பி, சுத்தம் செய்த பிறகு எடுங்கள். அடைப்போடு எடுத்த ஆடியோகிராமில் இல்லாத கடத்தல் குறை (ஒலி உள்காதுக்குப் போய்ச் சேரும் வழியில் வரும் குறை) ஒன்று பதிவாகிவிடும். அடுத்து வருகிறவர் அதை நம்பிவிடுவார்.

அடுத்தது நோயாளியிடம் சொல்கிற வார்த்தை. “சத்தம் கேட்டா பட்டனை அமுக்குங்க” என்று மட்டும் சொன்னால், பாதிப்பேர் நன்றாகக் கேட்கிற வரை காத்திருப்பார்கள், வயதானவர்கள் கட்டாயம் காத்திருப்பார்கள். “ரொம்ப மெல்லிசா, எங்கேயோ தூரத்துல கேக்கற மாதிரி இருந்தாலும் அமுக்குங்கம்மா; சத்தம் நின்னதும் விட்டுடுங்க. தப்பானாலும் பரவாயில்ல” என்று முழுதாகச் சொல்லுங்கள். தோடு, ஜிமிக்கி, மாட்டல், மூக்குக் கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றச் சொல்லுங்கள். ஹெட்போனில் சிவப்பு வலது காதுக்கு, நீலம் இடதுக்கு. ஹெட்போனின் நடுப்பகுதி காதுத் துளைக்கு நேராக உட்கார வேண்டும். வயதானவர்களில் சிலருக்கு ஹெட்போன் அழுத்தத்திலேயே காதுக்குழாய் மடங்கி மூடிக்கொள்ளும். உயர் அதிர்வெண்களில் காரணமே தெரியாமல் காற்றுவழி அளவுக்கும் (ஹெட்போனில் கேட்பது) எலும்புவழி அளவுக்கும் (மண்டை எலும்பின் அதிர்வில் கேட்பது) இடைவெளி வந்தால் இதைச் சந்தேகப்பட்டு, காதுத் துளைக்குள் செருகும் இன்சர்ட் போனில் மறுபடி எடுங்கள்.

இனி டெஸ்ட். நன்றாகக் கேட்கும் காதில் 1000 ஹெர்ட்ஸில் தொடங்கி 2000, 4000, 8000 போய், மறுபடி 1000 எடுத்துவிட்டு 500, 250க்கு இறங்க வேண்டும். இரண்டு முறை எடுத்த 1000க்கும் 5 டெசிபலுக்கு மேல் வித்தியாசம் வந்தால், நீங்கள் சொன்னதை அவர் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்று பொருள், முதலிலிருந்து விளக்குங்கள். 30 டெசிபலில் ஆரம்பியுங்கள். பதில் இல்லையென்றால் 50, அதற்குமேல் பத்துப் பத்தாக ஏற்றுங்கள். பதில் வந்ததும் 10 இறக்கு, வராவிட்டால் 5 ஏற்று. 1959இல் கார்ஹார்ட்டும் ஜெர்கரும் எழுதிவைத்த முறை இது. ஏறும்போது குறைந்தது மூன்றில் இரண்டு தடவை பதில் வருகிற மிகக் குறைந்த அளவுதான் வாசல் அளவு. பக்கத்துப் பக்கத்து ஆக்டேவ்களுக்கு (500, 1000, 2000 என்று இரட்டிக்கும் அதிர்வெண்களுக்கு) இடையில் 20 டெசிபலோ அதற்கு மேலோ வித்தியாசம் இருந்தால் நடுவிலுள்ள 750, 1500, 3000, 6000 இவற்றையும் எடுக்க வேண்டும்.

புது மாணவர்கள் எல்லாருக்கும் வருகிற ஒரு பழக்கம், ஒரே தாளத்தில் டோன் (சோதனை ஒலி) கொடுப்பது. மூன்று நொடிக்கு ஒன்று என்று சீராகக் கொடுத்தால், கேட்காதவரும் அந்தத் தாளத்துக்குப் பட்டனை அமுக்குவார். டோன் ஒன்றிரண்டு நொடி நீடிக்கட்டும், ஆனால் நடுவில் விடும் இடைவெளி மாறிக்கொண்டே இருக்கட்டும். உங்கள் கையும் முகமும் அவர் கண்ணில் படாதபடி உட்காரவையுங்கள்.

மாஸ்கிங்கை, அதாவது சோதிக்காத காதில் இரைச்சல் கொடுத்து மறைப்பதை, பயந்து தள்ளிப்போடாதீர்கள். வலது காது அறவே கேட்காது, இடது காது நல்ல காது என்று வைத்துக்கொள்ளுங்கள். வலது காதில் 60 டெசிபல் கொடுத்தால் அது மண்டையோடு வழியாக இடது காதுக்குப் போய்ச் சேரும், அவரும் பட்டனை அமுக்குவார். தாளில் வலது காதுக்கு நடுத்தரக் குறை என்று வரும். அதை நம்பி அந்தக் காதுக்குக் காது மெஷின் மாட்டினால் பணமும் போய், பயனும் இருக்காது. சாதாரண ஹெட்போனில் சோதிக்கும் காதின் காற்றுவழி அளவும் மறுகாதின் எலும்புவழி அளவும் 40 டெசிபலோ அதற்கு மேலோ விலகினால் மறுகாதில் இரைச்சல் கொடுத்தே ஆக வேண்டும். எலும்புவழிச் சோதனையிலோ ஒலி இரண்டு காதுக்கும் ஒருசேரப் போய்விடும்; காற்றுக்கும் எலும்புக்கும் இடைவெளி 10ஐத் தாண்டினாலே மாஸ்க் செய்யுங்கள். எலும்புவழிச் சோதனைக்கான வைப்ரேட்டரைக் காதுக்குப் பின்னாலுள்ள எலும்பில் வைக்கும்போது அது மடலைத் தொடக்கூடாது, நடுவில் முடி சிக்கக்கூடாது.

தினமும் காலையில் முதல் நோயாளி வருவதற்கு முன் உங்கள் காதிலேயே கேட்டுப் பாருங்கள். உப்புக் காற்றில் ஹெட்போன் வயரும் ஜாக்கும் கரகரக்கும். வயரை அசைத்துப் பார்த்தால் தெரியும். ஆண்டுக்கு ஒருமுறை காலிபரேஷன் (கருவியின் அளவு சரிபார்ப்பு) கட்டாயம்.

தொழிலைக் கேட்காமல் ஆடியோகிராமைப் படிக்காதீர்கள். விசைப்படகு எஞ்சின் பக்கத்தில் பல ஆண்டு இருந்த மீனவர், சிப்காட் ஆலையில் வேலை பார்க்கிறவர், நெய்வேலிச் சுரங்கத்துக்காரர் இவர்களுக்கு 4000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம் விழுந்து 8000இல் கொஞ்சம் மேலேறும். இரைச்சல் கெடுத்த காதின் அடையாளம் அது. கடலிலிருந்து கரையேறிய கையோடு வந்தவருக்கு டெஸ்ட் எடுத்தால் தற்காலிக மந்தமும் சேர்ந்து பதிவாகும். அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு விதிகள் முதல் பரிசோதனைக்கு முன் 14 மணி நேரம் இரைச்சலிலிருந்து விலகியிருக்கச் சொல்கின்றன. இங்கும் அதைக் கடைப்பிடிப்பது நல்லது.

மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு வருகிறவர்களிடம் கூடுதல் கவனம் வேண்டும். 2016ஆம் ஆண்டுச் சட்டம், பேச்சு அதிர்வெண்களில் இரண்டு காதிலும் 70 டெசிபல் இழப்பு இருந்தால் காது கேளாதவர் என்றும், 60 முதல் 70 வரை இருந்தால் கேட்கும் திறன் குறைந்தவர் என்றும் வரையறுக்கிறது. டோனில் 70 காட்டியவர் 40 டெசிபலில் சொன்ன சொற்களைத் திருப்பிச் சொன்னால் இரண்டும் ஒத்துப்போகவில்லை. டோன் சராசரியும் சொல் கேட்கும் அளவும் 10 டெசிபலுக்குள் நிற்க வேண்டும். ஏமாற்றுகிறார் என்று உடனே முடிவு கட்டாதீர்கள். புரியாமலும், பயத்திலும் இப்படி நடக்கும். மறுபடி விளக்கி, மறுபடி எடுங்கள். அதற்குப் பிறகும் ஒத்துவராவிட்டால் பெரா இருக்கிறது: அவர் பட்டன் அமுக்காமலே, ஒலிக்குக் கேள் நரம்பும் மூளைத்தண்டும் காட்டும் மின் எதிர்வினையை அளக்கும் சோதனை.

பேச்சுப் பக்கம் வந்தால் வேறொரு சிக்கல். பாடப்புத்தகம் ஆங்கிலத்தில், அதிலுள்ள உதாரணங்களும் ஆங்கில ஒலிகள். கிளினிக்கில் உட்கார்ந்திருக்கும் குழந்தை பேசுவது கடலூர்த் தமிழ். சொல்லின் முதல், இடை, கடை என்று மூன்று கட்டம் போட்ட படிவத்தை அப்படியே எடுத்துவந்தால் ண, ள, ழ, ற நான்குக்கும் முதல் கட்டம் காலியாகத்தான் கிடக்கும். தமிழில் அவை சொல்லுக்கு முதலில் வருவதில்லை. காற்றாடிப் படத்தைக் காட்டினால் குழந்தை “காத்தாடி” என்றுதான் சொல்லும், அது பிழை இல்லை. வீட்டில் எல்லாரும் வாழைப்பழத்தை “வாயப்பயம்” என்றோ “வாளப்பளம்” என்றோ சொல்லும்போது குழந்தைக்கு மட்டும் ழ வரவில்லை என்று குறிப்பு எழுதுவது அநியாயம். அம்மாவையும் அதே படங்களின் பெயரைச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுப் பிறகு குழந்தையின் பட்டியலைப் பாருங்கள்.

பிழை என்று நிச்சயமாகத் தெரிகிற ஒன்று: நாலு வயது தாண்டியும் காக்காவைத் “தாத்தா” என்கிற குழந்தை. நாக்கின் பின்புறம் எழ வேண்டிய இடத்தில் நுனி எழுகிறது. முதலில் காது சோதனை; அதைத் தாண்டிய பிறகே பயிற்சி. கண்ணாடி முன்னால் உட்காரவைத்து, நாக்கு நுனியைக் கீழ்ப் பல்லுக்குப் பின்னால் வைக்கச் சொல்லி, ஸ்பாட்டுலாவால் (நாக்கை அழுத்தும் தட்டைக் குச்சி) லேசாகப் பிடித்துக்கொண்டு “அக்” என்று சொல்லவையுங்கள். நுனி எழ முடியாததால் பின்நாக்கு தானாக எழும். பிறகு ஸ்பாட்டுலாவை எடுத்துவிட்டு “அக்கா”, “பக்கம்”, அதன்பின் சொல்லின் தொடக்கத்தில் “கால்”, “கை”. பத்துக்கு எட்டு முறை சரியாக வந்தால்தான் அடுத்த படி: சொல், சொற்றொடர், வாக்கியம், பேச்சு. நேராக “காக்கா” என்று ஆரம்பித்தால் குழந்தை பழைய வழக்கத்துக்கே போய்விடும்.

பேசாத குழந்தையை “அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்” என்று சொல்லிச் சொல்லியே மூன்று வயது வரை வீட்டில் வைத்திருப்பது நம் பக்கம் நிறைய நடக்கிறது. பிறந்து ஒரு மாதத்துக்குள் ஸ்கிரீனிங், மூன்று மாதத்துக்குள் உறுதி செய்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை தொடக்கம் என்பது உலகம் முழுக்கப் பின்பற்றப்படும் கணக்கு. தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காக்ளியர் இம்பிளான்ட் (அறுவை சிகிச்சை செய்து உள்காதில் பொருத்தும் கருவி) கிடைக்கிறது. தாமதமாக வருகிற ஒவ்வொரு மாதமும் அந்த வயதைத் தின்றுவிடும். இன்டர்ன்ஷிப்பில் உங்கள் முன்னால் வந்து உட்காரும் அம்மாவிடம் இதை எந்தக் கலைச்சொல்லும் இல்லாமல் சொல்லத் தெரிய வேண்டும்.

காது மெஷின் கொடுத்து அனுப்பும்போது இதையும் சொல்லி அனுப்புங்கள்: குளிக்கும்போது கழற்ற வேண்டும், இரவில் பேட்டரிக் கதவைத் திறந்து, சிலிகா ஜெல் போட்ட டப்பாவில் வைத்து மூட வேண்டும், ஜெல் நிறம் மாறியதும் மாற்ற வேண்டும். மழைக்காலத்தில் “மெஷின் ஓடல” என்று திரும்பி வருகிறவர்களிடம் முதலில் மோல்டு டியூபை (மெஷினையும் காதுக்குள் வைக்கும் அச்சையும் இணைக்கும் குழாய்) கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே வேர்வைத் துளி நின்றிருக்கும். ஊதுபந்தால் ஊதிவிட்டால் பல மெஷின்கள் அங்கேயே ஓடிவிடும்.