நோட்டீஸ் வந்த பிறகு நான் வீட்டைவிட்டு ஓடவில்லை

2022 செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, கதவு வழியாக வந்து விழுந்த உறையில், இரண்டு மாதத்தில் வீட்டைக் காலி செய்யச் சொல்லி வீட்டு உரிமையாளர் அனுப்பிய நோட்டீஸ் இருந்தது. இங்கிலாந்தில் தனியாக வாடகைக்கு இருந்தேன். வலிப்பு நோய் உண்டு. வாடகை ஒரு மாதம்கூடப் பாக்கி இல்லை. காரணமே சொல்லாமல் காலி செய்யச் சொல்ல அப்போது வீட்டுச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு இடம் கொடுத்தது. 2025-இல் வந்த சட்டம் அதை ஒழித்துவிட்டது.

நண்பர்கள் எல்லோரும் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடச் சொன்னார்கள். நல்ல மனதோடுதான். ஆனால் நோட்டீஸ் தேதி முடிந்தாலும் நீதிமன்ற உத்தரவு வாங்கி, பெய்லிஃப் (நீதிமன்ற உத்தரவை நிறைவேற்றும் அதிகாரி) வந்தால்தான் என்னை வெளியேற்ற முடியும். அதற்கு முன் நானாகக் கிளம்பினால், வீடிழப்போருக்கு உதவ வேண்டிய கவுன்சில் (உள்ளாட்சி), நான் வேண்டுமென்றே வீட்டை விட்டதாக முடிவு கட்டி உதவியைக் குறைத்துவிடலாம். தயவுசெய்து அவசரப்பட்டுக் கிளம்பாதீர்கள்.

கவுன்சில் கவுண்டரில், "வீடு போன பிறகு வாருங்கள்" என்று திருப்பி அனுப்பினார்கள். அன்று இரவு முழுக்க அழுதேன். மறுநாள், வீட்டுப் பிரச்சினைகளுக்கு ஆலோசனை தரும் ஷெல்டர் என்ற தொண்டு அமைப்புக்குப் போன் செய்தபோதுதான் விஷயம் புரிந்தது. 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, 56 நாளுக்குள் வீடு போகும் நிலை என்றாலே கவுன்சில் உதவத் தொடங்க வேண்டும். என்ன கேட்க வேண்டும் என்பதையும் சொல்லிக் கொடுத்தார்கள். 56 நாள் கணக்குக்குள் வந்ததும் அதே கவுண்டரில் போய்ச் சொன்னேன்: "விண்ணப்பத்தைப் பதிவு செய்யுங்கள். முடியாதென்றால் காரணத்தை எழுத்தில் கொடுங்கள்." இருபது நிமிடத்தில் ஓர் அதிகாரி உள்ளே கூப்பிட்டார். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றேன், போனில் ஏற்பாடு செய்தார்கள். எழுத்தில் வரும் முடிவு பாதகமாக இருந்தால் 21 நாளுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம் என்பதும் அங்கேதான் தெரிந்தது. (விசாவில் பொது நிதி உதவி கிடையாது என்ற நிபந்தனை இருந்தால் இந்த வழி பெரும்பாலும் திறக்காது.)

அப்புறம் டாக்டர் கடிதம். முதல் கடிதத்தில் "இவருக்கு வலிப்பு நோய் உள்ளது" என்று ஒரே வரி. அது போதவில்லை. வீடில்லாமல் போனால் மற்றவர்களைவிட எனக்கு என்ன கூடுதல் கேடு வரும் என்பதைத்தான் அவர்கள் பார்க்கிறார்கள். டாக்டரிடம் மறுபடி போய் உட்கார்ந்தேன். தூக்கம் கெட்டால் வலிப்பு வரும், மாத்திரை நேரம் தவறக்கூடாது, போன வருடம் தனியாக விழுந்து தோள்பட்டை விலகியது என்று எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தார். அந்தக் கடிதம்தான் முன்னுரிமை வாங்கித் தந்தது.

கவுன்சில் பரிந்துரைத்து, ஒரு நேர்காணலும் முடிந்து, ஜனவரியில் சப்போர்ட்டட் ஹவுசிங்கில் (உதவிப் பணியாளர் துணையோடு தங்கும் வீடு) அறை கிடைத்தது. அங்கே கையெழுத்திடுவது வழக்கமான வாடகை ஒப்பந்தம் அல்ல, லைசென்ஸ், அதாவது தங்குவதற்கான அனுமதி மட்டும். வெளியேற்றுவது எளிது என்பதால் நிதானமாகப் படித்துப் பாருங்கள். வாடகை, ஹவுசிங் பெனிஃபிட் என்ற அரசு வாடகை உதவியில் போய்விடும். சர்வீஸ் சார்ஜில் ஒரு பகுதி நம் கையிலிருந்து.

செவ்வாய்தோறும் கீ வொர்க்கர், அதாவது எனக்கென ஒதுக்கிய உதவிப் பணியாளர், வருவார். முதல் செவ்வாயன்று அவர் படிவம் எதையும் எடுக்கவில்லை. கட்டிலை ஒட்டியிருந்த ரேடியேட்டரின் இரும்பு விளிம்பைத் தடவிப் பார்த்து, "ராத்திரி விழுந்தால் தலை இதில்தானே படும்?" என்றார். இத்தனை வருடத்தில் நானே யோசித்ததில்லை. இரண்டு பேருமாகக் கட்டிலை எதிர்ச் சுவருக்குத் தள்ளினோம்.