ராணுவ ஜெனரேட்டரில் கார் பேட்டரி

அமெரிக்க ராணுவம் கழித்துக் கட்டிய ஜெனரேட்டரை ஏலத்தில் எடுப்பவர்களுக்கு எஞ்சின் கிடைக்கும், மீட்டர் கிடைக்கும், பச்சைப் பெயிண்டும் கிடைக்கும். பேட்டரி மட்டும் பெரும்பாலும் கிடைக்காது. இருந்த இடத்தில் ஆசிட் தின்ற தட்டும், வெட்டித் தொங்கவிட்ட கேபிளும்தான் இருக்கும். ஹூஸ்டனுக்கு வெளியே நான் வேலை பார்க்கும் பட்டறைக்கு இப்படித்தான் இவை வந்து சேர்கின்றன. 2017-இல் ஹார்வி புயல், அப்புறம் 2021 பிப்ரவரியில் டெக்சாஸே உறைந்து கரண்ட் போன அந்த வாரம், இரண்டையும் பார்த்த பண்ணைக்காரர்கள் இந்த ரகத்தைத் தேடி வாங்குகிறார்கள்.

அதிகம் வருவது எம்இபி-803ஏ என்ற மாடல். 10 கிலோவாட், லிஸ்டர் பெட்டர் நான்கு சிலிண்டர் டீசல், 1800 ஆர்பிஎம். செல்ஃப் மோட்டாருக்கு 24 வோல்ட் வேண்டும், அதாவது இரண்டு 12 வோல்ட் பேட்டரியைத் தொடராகப் போட வேண்டும். வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "கடையில கிடைக்கிற கார் பேட்டரி போட்டா ஓடாதா?" தாராளமாக ஓடும். அதை அசையாமல் உட்கார வைப்பதில்தான் வேலையே இருக்கிறது, என்னைக் கேட்டால் இது மின்சார வேலையை விடத் தகர வேலை.

முதலில் உயரம். குரூப் 24, குரூப் 34 என்று இங்கே விற்கும் இரண்டு அளவுக்கும் நீள அகலம் ஒன்றே, சுமார் 260க்கு 173 மில்லிமீட்டர். ஆனால் 34 ஓர் அங்குலம் குட்டை. கேபிள் லக்கையும் மூடியையும் போட்ட பிறகு டெர்மினலுக்கு மேலே இருக்கும் இரும்புத் தகட்டுக்கு எவ்வளவு இடைவெளி மிஞ்சுகிறது என்பதை அந்த ஓர் அங்குலம்தான் தீர்மானிக்கிறது. அளந்துகூடப் பார்க்காமல் 34-ஐத்தான் எடுப்பேன். 24 வோல்ட்டில் எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பும்போது அதே வேலைக்குக் கரண்ட் பாதிதான் இழுக்கும் என்பதால் பெரிய பேட்டரி மேல் எனக்கு ஆசையும் இல்லை.

அடுத்து தட்டு. பேக்கிங் சோடா கரைசலை ஊற்றி நுரை அடங்கும்வரை கழுவி, ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்ப்பேன், ஓட்டை விழுந்தால் அந்தத் தட்டை நம்புவதில்லை. இதில் ஒரு எச்சரிக்கை: அந்தப் பச்சைப் பெயிண்ட் சாதாரணப் பெயிண்ட் இல்லை, ரசாயன ஆயுதத்தைத் தாங்குவதற்காக அடித்த பாலியூரித்தேன் பூச்சு, பழையவற்றில் அடிப்பூச்சிலேயே குரோமியம் இருக்கும். கிரைண்டரை எடுத்துக்கொண்டு முகமூடி இல்லாமல் அதன் மேல் பாய்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கை கால் உதறும். அதனால் நான் வெட்டுவதுமில்லை, வெல்டிங் வைப்பதுமில்லை. எல் ஆங்கிளில் தனியாக ஒரு சட்டம் செய்து, ஏற்கெனவே இருக்கும் ஓட்டைகளில் போல்ட் போட்டு உட்கார வைக்கிறேன்.

நான்கு சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக், 1800 ஆர்பிஎம் என்றால் எஞ்சின் நொடிக்கு 60 முறை அதிரும். இரண்டு பேட்டரியும் சேர்ந்து கிட்டத்தட்ட 35 கிலோ. கொஞ்சம் லூஸாக விட்டாலும் உள்ளே பிளேட்டில் இருக்கும் ஈயப்பசை உதிர்ந்து அடியில் தங்கி, கடைசியில் செல் ஷார்ட் ஆகிவிடும். அடியில் பழைய கன்வேயர் பெல்ட் துண்டு, பக்கவாட்டிலும் ரப்பர், மேலே இரண்டுக்கும் சேர்த்து ஒரே பட்டை, அதற்கு நைலான் லாக் நட். அந்தப் பட்டையை ஃபைபர் கிளாஸில் செய்வேன். இரும்பில் செய்து பெயிண்ட் அடித்துவிட்டால் போதும் என்கிறார்கள், அந்தப் பெயிண்ட் உரிந்து டெர்மினலில் பட்டு ஷார்ட் ஆகிற அன்றைக்குத் தெரியும் சங்கதி. இறுக்குவதிலும் வெறி கூடாது, பெட்டி விரிசல் விட்டுவிடும்.

குரூப் 24-க்கும் குரூப் 24எஃப்-க்கும் பிளஸ் மைனஸ் இடம் மாறி இருக்கும். அதைக் கவனிக்காமல் வாங்கினால் இரண்டு பேட்டரியையும் இணைக்க நடுவில் போடும் குட்டை ஜம்பர் கேபிள் எட்டாது. எட்டட்டும் என்று நீளக் கேபிள் போட்டால் அது எதன் மேலாவது உரசிக்கொண்டே கிடக்கும்.

பேட்டரியை வெளியே ஒரு பெட்டியில் வைத்துத் தரச் சொல்பவர்களும் உண்டு. உள்ளே சூடு அதிகம் என்பது நிஜம்தான், தரலாம். ஆனால் கேபிள் தடிமனாக வேண்டும், சார்ஜ் ஆகும்போது வரும் ஹைட்ரஜன் போக அந்தப் பெட்டிக்கு மேல்பக்கம் வழி வேண்டும். இரண்டையும் சொன்னவுடன் பாதிப் பேர் உள்ளேயே இருக்கட்டும் என்று விடுவார்கள்.

ஒரு பண்ணைக்காரர் நாங்கள் கட்டிக் கொடுத்த செட்டில், ஒற்றைப் பேட்டரியிலிருந்து 12 வோல்ட் எடுத்து லைட் மாட்டிக்கொண்டார். லைட் அழகாகத்தான் எரிந்திருக்கிறது. சார்ஜிங் சர்க்யூட்டுக்குத் தெரிவது இரண்டும் சேர்ந்த 28 சொச்சம் வோல்ட் மட்டுமே என்பதால், லைட்டுக்குக் கொடுத்த பேட்டரி பசியிலும் மற்றது கொதித்துக்கொண்டும் கிடந்தன. லைட் மாட்டாத பேட்டரிதான் தண்ணீர் வற்றிப்போயிருந்தது, அதைக் கையில் வைத்துக்கொண்டு பழுது இதில்தான் என்று அவர் காட்டினார். இரண்டையும் சேர்த்தே மாற்றினோம், லைட்டுக்கு 24-இலிருந்து 12-க்கு இறக்கும் கன்வெர்ட்டர் ஒன்று வைத்தோம்.

இன்னொரு கோரிக்கைக்கு மட்டும் நான் இடம் கொடுப்பதில்லை. ஜெனரேட்டர் உடம்பில் வட்டமாக ஒரு நேட்டோ சாக்கெட் இருக்கும், வெளியிலிருந்து 24 வோல்ட் கொடுத்துக் கிளப்புவதற்கானது, "இதைக் கழற்றினா இடம் கிடைக்குமே" என்பார்கள். புதிய பேட்டரிக்கு அதையும் சேர்த்தே வயர் பண்ணிக் கொடுக்கிறேன். பேட்டரி படுத்துவிட்டால் 12 வோல்ட் காரைப் பக்கத்தில் நிறுத்தி இதற்கு உயிர் கொடுக்க முடியாது. ஏலத்தில் ஹம்வி என்ற ராணுவ ஜீப் வாங்கியவர் யாராவது அக்கம்பக்கத்தில் இருந்தால் அதுவும் 24 வோல்ட்தான், அதிலும் இதே சாக்கெட், ஒரு கேபிளைச் செருகினால் செல்ஃப் எடுத்துவிடும்.