ஒன்றரை மடங்கு வேகத்தில் ஒரு வகுப்பு

தாம்பரம் மின்சார ரயிலில் பக்கத்து சீட்டுத் தம்பி செல்போனில் என்பிடெல் என்ற இணையவழிக் கல்வித் திட்டத்தின் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தான். ஐஐடி பேராசிரியர் ஒன்றரை மடங்கு வேகத்தில் வெப்ப இயக்கவியல் நடத்திக்கொண்டிருந்தார்.

ஒரு சமன்பாடு வந்ததும் நிறுத்தினான். பத்து நொடி பின்னால் தள்ளினான். மறுபடி கேட்டான். மறுபடியும் தள்ளினான். அப்புறம் "ஓ..." என்று தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டான்.

வகுப்பில் இது நடக்குமா? எங்கள் காலத்தில் இரண்டாவது முறை சந்தேகம் கேட்டாலே மொத்த வகுப்பும் திரும்பிப் பார்க்கும்.

இந்த என்பிடெல், 2003-இல் ஆரம்பித்த திட்டம். பார்க்கக் காசு இல்லை, சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் கட்டணம். நல்ல ஆசிரியர் வாய்க்காத கல்லூரிப் பிள்ளைகளுக்கு இது பெரிய வரம்தான்.

வாராந்திர அசைன்மென்ட்டுக்கு 25 மதிப்பெண், நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75.

"அசைன்மென்ட் எல்லாம் நீயே போடுவியாப்பா?"

சிரித்தான். "டெலிகிராம்ல வந்துடும்ணா."

சரிதான். அந்தச் சமன்பாட்டுக்காக அவ்வளவு மெனக்கெட்ட பையன், யாரும் பார்க்காத இடத்தில் விடையைக் காப்பியடிக்கிறான். கரும்பலகை முன்னால் நிற்கும் ஆசிரியருக்கு முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும், யாருக்குப் புரியவில்லை என்று. வீடியோவுக்கு அந்தக் கண் கிடையாது.

என்னைக் கேட்டால், பாடத்தை வீட்டில் இப்படிப் பார்க்கட்டும். வகுப்பு நேரம் முழுக்கக் கணக்குப் போடவும் சண்டை போட்டுச் சந்தேகம் கேட்கவும் இருக்கட்டும். ஆனால் பல வகுப்புகளில் இன்னமும் பிபிடி ஸ்லைடுகளை வரிவரியாகப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். அதை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டவும் வழியில்லை.