மணல் வேண்டாம் சார்
வீட்டில் கடல்நீர்ப் பவளத் தொட்டி அமைத்துத் தரச் சொன்னவரிடம் மணல் வேண்டாம் என்றேன். "அடியில் மணல் இல்லாமல் இது என்ன கடல் தம்பி?" என்று கேட்டார். என்னிடம் பதில் தயாராக இருந்தது. அது அவ்வளவு சீக்கிரம் வந்ததுதான் இன்னும் உறுத்துகிறது.

அவர் வளர்க்க நினைத்தது அக்ரோபோரா என்ற கிளைவிடும் கல்பவளம். அதற்குப் பலமான நீரோட்டம் வேண்டும். தண்ணீரைத் தள்ளும் வேவ்மேக்கரைக் கூட்டி வைத்தால், அரை மில்லிமீட்டர் அரகோனைட் என்ற சுண்ணாம்பு மணல் கிளம்பிப் பவளத்தின் மேல் விழும். விலகாமல் கிடந்தால் திசு செத்துப்போகும். 3 மில்லிமீட்டர் பருமணல் பறக்காது, ஆனால் அதன் இடுக்குகளில் கழிவும் மிச்சத் தீனியும் தங்கி நைட்ரேட், பாஸ்பேட் ஏறும். பேர் பாட்டம் என்போமே, வெறும் கண்ணாடி அடி, அதில் கழிவு ஓரமாக ஒதுங்கும், குழாய் வைத்து உறிஞ்சிவிடலாம். நான் சொன்னதில் எதுவும் பொய்யில்லை.

அவரும் படித்துவிட்டுத்தான் வந்திருந்தார். அரகோனைட் கரைந்து காரத்தன்மையைத் தாங்குமே என்றார். பிஎச் 8-க்கு மேல் இருக்கும் தொட்டியில் அது கரைவது மிகச் சொற்பம் என்றேன். மொனாக்கோவில் ஜோபேர் என்ற ஆய்வாளர் மணல் படுகையை நம்பித்தானே தொட்டி நடத்தினார் என்றார். உண்மைதான். ஆக்சிஜன் குறைந்த அடி மணலில் பாக்டீரியா நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றிவிடும். அதையும் ஒப்புக்கொண்டு, பராமரிப்பைச் சொல்லி மறுத்தேன்.

கடைசியில், மனைவிக்கு மஞ்சள் ராஸ் மீன் பிடிக்கும் என்றார். இரவில் மணலுக்குள் புதைந்து தூங்கும் மீன் அது. ஒரு கிண்ணத்தில் மணல் வைக்கலாம் என்றேன். "சரி, உங்களுக்குத் தெரியாததா" என்று முடித்துக்கொண்டார்.

அந்தத் தொட்டியைச் சுத்தம் செய்யப் போகிறவனும் நானே. என் வாய் பவளத்துக்காகப் பேசியதா, என் முதுகுக்காகவா? இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்தால் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? அக்ரோபோரா கிளை விட்டு வளர்கிறது, அடிக் கண்ணாடியில் கோரலைன் பாசி ஊதா நிறத்தில் படர்ந்திருக்கிறது. அவர் குறை சொன்னதேயில்லை. ராஸ் மட்டும் வாங்கவில்லை.

மிதமான ஓட்டம், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மணல், மூன்று சென்டிமீட்டர் உயரம், அக்ரோபோராவுக்குப் பதில் மென்பவளம். இப்படி ஒரு தொட்டியும் நன்றாகவே ஓடியிருக்கும். அவரிடம் அதை நான் எடுத்தே வைக்கவில்லை. ஆனால் அவர் கேட்டது அக்ரோபோராவைத்தானே என்று உடனே தோன்றுகிறது.

இப்போதெல்லாம் தொட்டியில் எதைப் பார்த்துக்கொண்டு உட்கார ஆசை என்றுதான் முதலில் கேட்கிறேன். அப்படிக் கேட்ட பிறகும், அக்ரோபோரா என்று வருகிறவர்களிடம் மணல் வேண்டாம் என்றே சொல்கிறேன்.