நர்சம்மா சொன்னதும், டாக்டர் சொல்லாததும்

2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி முகாம் தொடங்கியபோது எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவே கலங்கிப் போனது. "பிள்ளைக்குப் போடாதீங்க" என்று ஒரு குரல் பதிவு. பேசியது யாரென்று இன்றுவரை தெரியாது.

டாக்டரிடம் போய்க் கேட்டேன். "இஷ்டம்னா போடுங்க, இல்லன்னா விடுங்க" என்று எரிந்து விழுந்தார். உண்மையைச் சொன்னால், அவரைவிட அந்தக் குரல் பதிவுதான் அன்பாகப் பேசியது!

கர்ப்பிணிக்கு ரூபெல்லா வந்தால் வயிற்றுப் பிள்ளையின் கண், காது, இதயம் பாதிக்கப்படலாம், அதற்குத்தான் 9 மாதம் முதல் 15 வயது வரை எல்லாருக்கும் போடுகிறார்கள் என்று திண்ணையில் உட்கார்ந்து விளக்கியது நர்சம்மா.

சரி என்று மகளுக்குப் போட்டோம். சாயங்காலம் லேசாகக் காய்ச்சல். அவள் தூங்கிவிட்டாள், நான்தான் விடிய விடிய நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.