நான்கு நாள் கிடந்த தாள்

கோவையில் ஒரு கல்லூரியின் அயல்நாட்டு மாணவர் பிரிவில் பதினோரு வருடம் இருந்தேன். அங்கே வந்தவர்களில் பலர் ஐ.சி.சி.ஆர். என்கிற இந்தியப் பண்பாட்டு உறவுகள் கழகத்தின் உதவித்தொகையில் படித்த பிள்ளைகள். மௌலானா ஆசாத் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1950-இல் அவர் முன்னின்று தொடங்கிய அரசு அமைப்பு அது. பிற நாட்டு மக்களும் நாமும் ஒருவரை ஒருவர் அறிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். கலைக்குழுக்களை வெளிநாடு அனுப்புகிறது, அங்குள்ள பல்கலைக்கழகங்களில் இந்தியவியல் இருக்கைகள் வைக்கிறது, கருத்தரங்குகள் நடத்துகிறது. என் மேசைக்கு வந்தது உதவித்தொகைக் கோப்பு மட்டும்.

180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் வரும் மாணவர், வந்திறங்கிய 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு செய்ய வேண்டும். அதற்கு, 'இவர் எங்கள் மாணவர்' என்று கல்லூரி தரும் போனஃபைடு சான்று வேண்டும். பிறகு வங்கிக் கணக்கு. அது திறந்த பிறகுதான் மாதப் பணம் கைக்கு வரும்.

நான் சேர்ந்த முதல் வருடம் தான்சானியாவிலிருந்து ஒரு பெண் வந்தாள். அவளுடைய போனஃபைடு என் மேசையில் நான்கு நாள் கிடந்தது. கையெழுத்துப் போடுகிறவர் விடுப்பில் இருந்தார். அடுத்தவரிடம் கொண்டுபோக வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. தினமும் வந்து நின்றாள். "நாளைக்கு" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனாள்.

ஐந்தாம் நாள் விடுதிச் சமையல் அம்மா படியேறி வந்தார், பெருந்துறைப் பக்கத்துக்காரர். "ஏனுங்க, அந்தப் புள்ள மூணு நாளா ராத்திரி சாப்பிட வர்றதில்லீங்க. கேட்டா பசிக்கலைங்குது. மெஸ்ஸுக்குக் காசு கட்டாம சாப்பிடக் கூடாதுன்னு நெனச்சுட்டு இருக்குதாட்ட இருக்குதுங்க."

பணம் வரும்வரை சாப்பாடு நிற்காது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவள் நான். அன்று மதியத்துக்குள் கையெழுத்தை நானே நடந்து வாங்கினேன். வங்கிக்கும் கூடவே போனேன்.

சாயங்காலம் சமையலறையில் வேலைக்காரர்களுக்கென்று ராகிக் களியும் கீரைக் கடைசலும் செய்திருந்தார்கள். அவள் பாத்திரத்தை எட்டிப் பார்த்தாள். ஒரு கவளம் வாங்கி உருட்டி, கட்டைவிரலால் நடுவில் குழி செய்து, அதில் கீரையை அள்ளிச் சாப்பிட்டாள். களியைக் குழம்பில் தோய்த்து விழுங்கிப் பழகிய அம்மா அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ராகிக்கு அவர்கள் ஊரில் 'உலேசி' என்று பெயராம்.

உழவியல் பேராசிரியர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். ராகி கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலங்களில் பயிராகி, ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இங்கே வந்த தானியம் என்றார். சோளமும் கம்பும்கூட ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவையே. மழை பொய்த்த வருடங்களில் எங்கள் மேட்டாங்காட்டில் விளைந்து எங்கள் வீட்டு அடுப்பை அணையாமல் காத்தவை இந்த மூன்றும். பாட்டி கிண்டிய களி எங்கள் ஊருக்கே உரியது என்று நாற்பது வயது வரை நம்பியிருந்தேன். எவ்வளவு பழைய கடன்! அந்த நாட்டுப் பிள்ளை எங்கள் விடுதியில் மூன்று ராத்திரி பட்டினி கிடந்தாள் என்பது இன்றும் நெஞ்சை உறுத்துகிறது.

ஆண்டு விழாவில் அவரவர் நாட்டு உடையில் மேடையேற்றுவோம். அதுவும் நல்லதுதான், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனால் அடுத்த வருடத்திலிருந்து, புதிதாக வருகிறவர்களை முதலில் சமையலறைக்குக் கூட்டிப்போய் அம்மாவிடம் விட்டு, அவர் சோறு போட்ட பிறகே படிவங்களை எடுத்தேன்.