ஓட்சியின் நெருப்புப் பெட்டி

ஆல்ப்ஸ் பனியில் 1991இல் உறைந்த உடலாகக் கிடைத்த ஓட்சி என்ற ஆதி மனிதரைப் பற்றிப் பேச்சு வந்தால், எல்லோரும் அவருடைய செப்புக் கோடரியிலேயே நின்றுவிடுகிறார்கள். சுமார் 5,300 ஆண்டுகளுக்கு முந்தைய அந்த மனிதரிடம் இரண்டு மரப்பட்டைப் பெட்டிகளும் இருந்தன. என்னைக் கேட்டால் அசல் கைவேலை அதுதான்.

பிர்ச் பட்டையைச் சுருட்டி, லிண்டன் மர நாரால் தைத்தவை. உயரம் சுமார் 20 செ.மீ. ஒன்றின் உட்புறம் கருத்திருந்தது. உள்ளே மேப்பிள் இலைகளும் கரித்துண்டுகளும். எரியும் கங்குகளை இலையில் பொதிந்து எடுத்துப்போன பெட்டி அது. பிர்ச் பட்டையோ ஈரத்திலும் பற்றிக்கொள்ளும் சரக்கு. அதில் போய் நெருப்பு! நடுவே பச்சை இலை இருந்ததால் பெட்டி பிழைத்தது. இலையைத் தளர்வாகச் சுற்றினால் காற்றுப் புகுந்து கங்கு சீக்கிரம் எரிந்து தீரும். ரொம்ப இறுக்கினால் அணைந்துபோகும்.

இப்படி ஒரு பெட்டி செய்ய, பட்டை உரிக்க ஏற்ற காலம் கோடையின் தொடக்கம். மரத்தில் சாறு ஏறியிருக்கும். நெடுக்கே ஒரு கீறல் போட்டால் விரலுக்கே கழன்று வரும். மற்ற நாட்களில் மரத்தோடு ஒட்டிக்கொண்டு கிழியும். உரித்ததும் வெள்ளைப் பக்கம் உள்ளே போகும்படி தானாகச் சுருளும். அந்தப் போக்கிலேயே விட்டுவிடுங்கள். பிர்ச் பட்டையில் குறுக்குவாட்டில் கோடுகள் ஓடும், கிழிவதும் அவற்றின் வழியேதான். அடித்தட்டைத் தைக்கும்போது சுற்றிலும் ஒரே வரியில் குத்தூசியால் குத்தினால், தபால்தலை ஓரம் மாதிரி பிய்ந்துவிடும். ஒரு துளை மேலே, அடுத்தது சற்றுக் கீழே என்று மாற்றிக் குத்த வேண்டும்.

நாருக்குத்தான் பொறுமை வேண்டும். லிண்டனின் இளந்தண்டில் உரித்த பட்டையைக் கற்றையாகக் கட்டி, மேலே கல் வைத்து, தேங்கிய நீரில் ஊறப்போட வேண்டும். நீரின் சூட்டைப் பொறுத்து நான்கு முதல் எட்டு வாரம். அடுக்குகளை ஒட்டவைத்திருக்கும் பசையை பாக்டீரியா தின்றுவிட, உள்பட்டை தாள் தாளாகப் பிரியும். நாற்றம் குடலைப் புரட்டும். முன்கூட்டியே எடுத்தால் பிரியாது, அதிகம் ஊறினால் நாரே இற்றுப்போகும். மரத்தை ஒட்டியிருந்த அடுக்குகள் மெல்லியவை, தையலுக்கு ஆகும். வெளி அடுக்குகள் முரடு.

அலசிக் காயவைத்த நாரை, வேலைக்கு முன் லேசாக நனைத்துக்கொள்ளுங்கள். கயிறு திரிக்க, நாரை இரண்டு புரிகளாக எடுத்து, தனித்தனியே வலப்பக்கம் முறுக்கி, ஒன்றோடொன்றை இடப்பக்கம் சுற்ற வேண்டும். இரு புரியும் ஒரே இடத்தில் தீர்ந்து, அங்கேயே ஒட்டுப் போட்டால் கயிறு அந்த இடத்தில் அறும். அதனால் தொடங்கும்போதே ஒன்றை நீளமாகவும் மற்றதைக் குட்டையாகவும் எடுத்துக்கொள்வது வழக்கம்.